கனடாவில் முதல் குளிர்காலமா? சின்ன காருக்கு எந்த வின்டர் டயர், எத்தனை இன்ச் வீல்? முழு விளக்கம்

அக்டோபர் பிறந்துவிட்டால் டொராண்டோ பக்கம் டயர் கடைகளில் போன் ஓயாது. முதல் பனி விழுந்த பிறகு கூப்பிட்டால் உடனே இடம் கிடைப்பது கஷ்டம். ஸ்கார்பரோ, மார்க்கம் என்று தமிழர்கள் அதிகம் வாழும் பகுதிகளில், படிப்புக்கோ வேலைக்கோ புதிதாக வந்தவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் ஒரு பழைய சின்ன கார். காரை வாங்கியதும் இன்சூரன்ஸ் போட்டாச்சு, பெட்ரோல் போட்டாச்சு. அடுத்த கேள்விதான் குழப்பம்: 'வின்டர் டயர் கட்டாயம் வேணுமா? வேணும்னா எந்த சைஸ்?'

சென்னையிலோ கோவையிலோ கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு டயர் என்பது தேய்ந்தால் மாற்றும் பொருள், அவ்வளவுதான். பனி கொட்டும் ஊரில் அது சீசனுக்கு சீசன் மாற்றும் பொருள். அதற்காக நிறைய செலவழிக்க வேண்டும் என்பதில்லை. சொல்லப்போனால், சின்ன கார் வைத்திருப்பவர்களுக்குக் குளிர்காலத்தில் சரியான தேர்வு, விலை குறைவான தேர்வாகவே அமைந்துவிடுகிறது. எப்படி?

ஆல்-சீசன் டயர் போதாதா?

காரோடு வரும் டயரில் 'ஆல்-சீசன்' என்றுதான் எழுதியிருக்கும். எல்லா சீசனுக்கும் என்றால் பனிக்கும் சேர்த்துத்தானே என்று தோன்றும். விஷயம் ரப்பரில் இருக்கிறது.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்போம். டயர் ரப்பர் அப்படி உறையாது. ஆனால் குளிர ஆரம்பித்தால் இறுகும். இறுகிய ரப்பர் சாலையின் மேடு பள்ளங்களில் பதியாமல் வழுக்கும். இந்த மாற்றம் உறைநிலைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. டயர் நிறுவனங்கள் பொதுவாகச் சொல்லும் எல்லைக்கோடு 7 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே வெப்பநிலை இறங்கினால், பனியே இல்லாத சாலையிலும் கோடை டயர் பிடிமானம் இழக்கத் தொடங்கும். ஆல்-சீசன் இரண்டுக்கும் நடுவே நிற்கும் சமரசம். கடும் குளிரில் அதுவும் இறுகிவிடும்.

வின்டர் டயரில் ரப்பர் கலவையே வேறு. சிலிக்கா அதிகம் சேர்த்து, மைனஸ் டிகிரியிலும் மென்மையாக இருக்கும்படி செய்கிறார்கள். கூர்ந்து பார்த்தால் டயரின் ஒவ்வொரு கட்டையிலும் பிளேடால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் தெரியும். இவற்றுக்கு 'சைப்' என்று பெயர். வண்டி ஓடும்போது இவை விரிந்து பனியைக் கவ்வுகின்றன. கட்டைகளுக்கு நடுவே உள்ள அகலமான பள்ளங்களில் பனி சிக்கிக்கொள்ளும். பனியோடு பனி நன்றாக ஒட்டும் என்பதால் அதுவும் பிடிமானத்துக்கு உதவும்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. இன்று நோக்கியன் என்ற பெயரில் இயங்கும் பின்லாந்து டயர் நிறுவனம், 1934-ல் லாரிகளுக்கும் 1936-ல் கார்களுக்கும் குளிர்கால டயரைக் கொண்டுவந்துவிட்டது.

ஒரு சின்ன கணக்கு

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார், பிரேக் பிடித்த பிறகு எவ்வளவு தூரம் ஓடி நிற்கும்? டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு எண் தெரிந்தால் பள்ளி இயற்பியலே போதும்.

- காய்ந்த தார் சாலை (உராய்வு எண் 0.8): சுமார் 12 மீட்டர்
- இறுகிய பனி (0.2): சுமார் 49 மீட்டர்
- அதே பனி, கொஞ்சம் நல்ல பிடிமானம் (0.25): சுமார் 39 மீட்டர்
- கண்ணாடி போன்ற ஐஸ் (0.1): சுமார் 98 மீட்டர்

ஓட்டுநர் சுதாரிக்க எடுக்கும் நேரம் இதில் சேரவில்லை. இரண்டாவது வரியையும் மூன்றாவது வரியையும் மட்டும் பாருங்கள். எண்ணில் வித்தியாசம் வெறும் 0.05. சாலையில் அது 10 மீட்டர், அதாவது இரண்டு சின்ன கார்களின் நீளத்துக்கும் மேல். எதிரே ஒருவர் சாலையைக் கடக்கிறார் என்றால், அந்த 10 மீட்டரில்தான் எல்லாமே இருக்கிறது.

'என் வண்டியில ஏபிஎஸ் இருக்கு, ஆல் வீல் டிரைவ் இருக்கு' என்று சிலர் சொல்வதுண்டு. இருக்கும் பிடிமானத்தை சரியாகப் பயன்படுத்தத்தான் ஏபிஎஸ் உதவும், இல்லாததை உருவாக்காது. ஆல் வீல் டிரைவ் வண்டியை நகர்த்த உதவும், நிறுத்த உதவாது. நிற்க வைப்பது டயர் மட்டும்தான்.

மலைக் குறியீட்டைத் தேடுங்கள்

டயரின் பக்கவாட்டில் இரண்டு விதமான அடையாளங்கள் இருக்கும். ஒன்று 'எம்+எஸ்' எழுத்துகள். சேறு, பனி இரண்டுக்கும் ஏற்றது என்று அர்த்தம். ஆனால் டயரின் பள்ள வடிவமைப்பை வைத்து தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது அது. பனியில் ஓட்டிப் பார்த்த சோதனை எதுவும் அதற்குத் தேவையில்லை.

இன்னொன்று, மூன்று சிகரம் உள்ள மலைக்குள் ஒரு பனித்துகள். வட அமெரிக்காவில் 1999-ல் அறிமுகமான இந்தக் குறியீட்டைப் பெற, பனியில் நடக்கும் பிடிமானச் சோதனையில் டயர் தேற வேண்டும். தேட வேண்டியது இதைத்தான். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: சோதனை நடப்பது பனியில்; ஐஸில் இல்லை. அதனால் குறியீடு உள்ள எல்லா டயரும் ஒரே தரம் என்று நினைக்க வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவே 'ஆல்-வெதர்' என்று ஒரு வகை உண்டு. ஆல்-சீசனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இதில் மலைக் குறியீடு இருக்கும். வருடம் முழுக்க மாற்றாமல் ஓட்டலாம். நகரத்துக்குள் மட்டும் கொஞ்சமாக ஓட்டுபவர்கள், அப்பார்ட்மென்ட்டில் இன்னொரு செட் டயர் வைக்க இடமில்லாதவர்கள் இதை யோசிக்கலாம். கடும் பனியில் முழு வின்டர் டயருக்கு இது ஈடாகாது.

ஆணி பதித்த டயர்? டொராண்டோ அடங்கிய தெற்கு ஒன்டாரியோவில் அனுமதி இல்லை. மாகாணத்தின் வடக்குப் பகுதியில் மட்டுமே உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

கனடாவிலேயே மாகாணத்துக்கு மாகாணம் மாறும்.

- கியூபெக்: அங்கே பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம்.
- பிரிட்டிஷ் கொலம்பியா: மலைப்பாதைகள் உள்ளிட்ட பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் அக்டோபர் 1 முதல் கட்டாயம். சில சாலைகளில் மார்ச் 31 வரை, மலைப்பாதைகளில் ஏப்ரல் 30 வரை. 'எம்+எஸ்' டயரையும் ஏற்கிறார்கள். பள்ளம் குறைந்தது 3.5 மி.மீ. இருக்க வேண்டும்.
- ஒன்டாரியோ: கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரி 1 முதல், வின்டர் டயர் போட்டவர்களுக்கு எல்லா கார் இன்சூரன்ஸ் நிறுவனங்களும் பிரீமியத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்பது விதி. எவ்வளவு, என்ன நிபந்தனை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கேட்டு வாங்க வேண்டும். பில்லை பத்திரமாக வையுங்கள்.

ஐரோப்பாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க: ஜெர்மனியில் தேதி கணக்கு கிடையாது. சாலையில் பனியோ ஐஸோ இருந்தால் குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டக் கூடாது. 2024 அக்டோபர் 1 முதல் அங்கே மலைக் குறியீடு உள்ள டயர் மட்டுமே செல்லும்; வெறும் 'எம்+எஸ்' செல்லாது. மீறினால் 60 யூரோ அபராதம், லைசென்ஸில் ஒரு பாயின்ட்.

சரி, சைஸுக்கு வருவோம்

உதாரணத்துக்கு ஹோண்டா ஃபிட் காரை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் 'ஜாஸ்' என்ற பெயரில் ஓடிய அதே கார். 2020 மாடலோடு வட அமெரிக்காவில் விற்பனை நின்றுவிட்டாலும், பழைய கார் சந்தையில் இன்னும் கிடைக்கிறது. 2009 முதல் 2013 வரை வந்த ஃபிட்டில் ஸ்போர்ட் மாடலுக்கு கம்பெனி கொடுத்த டயர் சைஸ் 185/55 ஆர்16. இதை எப்படிப் படிப்பது?

185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 185-ல் 55 சதவீதம், சுமார் 102 மி.மீ. 'ஆர்' என்றால் ரேடியல். 16 என்பது வீலின் விட்டம், இன்ச்சில். பின்னாலேயே 83எச் என்று இருக்கும். 83 என்றால் ஒரு டயர் 487 கிலோ தாங்கும். 'எச்' என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும்.

இதே காரின் கீழ்நிலை மாடலுக்கு கம்பெனியே கொடுத்த சைஸ் 175/65 ஆர்15. வீல் ஒரு இன்ச் சின்னது, டயர் 10 மி.மீ. ஒல்லி, பக்கச்சுவர் மட்டும் உயரம், சுமார் 114 மி.மீ. வீலும் டயரும் சேர்ந்த மொத்த விட்டத்தைக் கணக்குப் போட்டால்:

- 185/55 ஆர்16: சுமார் 610 மி.மீ.
- 175/65 ஆர்15: சுமார் 609 மி.மீ.
- 185/60 ஆர்15: 603 மி.மீ.
- 195/65 ஆர்15: சுமார் 635 மி.மீ.

முதல் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. அதாவது 16 இன்ச் வீல் வந்த ஃபிட்டுக்கும் குளிர்காலத்தில் 15 இன்ச் வீல், 175/65 டயர் கச்சிதமாகப் பொருந்தும். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. மூன்றாவது சைஸில் வித்தியாசம் ஒரு சதவீதம் அளவுக்குத்தான், பரவாயில்லை. நான்காவது 4 சதவீதம் பெரியது. மீட்டர் 100 காட்டும்போது கார் உண்மையில் 104-ல் போகும். ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பினால் டயர் உள்ளே உரசவும் வாய்ப்பு உண்டு.

ஏன் சின்ன வீல்?

ஊரில் காருக்கு அழகு சேர்க்க பெரிய அலாய் வீல் போடுவார்கள். குளிர்காலத்தில் கணக்கு தலைகீழ்.

முதல் காரணம், ஒல்லியான டயர். ஆழமான பனியிலும், பாதி உருகிய சேற்றுப் பனியிலும் அகலமான டயர் மேலே மிதக்கப் பார்க்கும். ஒல்லியான டயர் அதைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும்.

இரண்டாவது, உயரமான பக்கச்சுவர். உறைவதும் உருகுவதுமாக மாறி மாறி நடப்பதால் டொராண்டோ சாலைகளில் குளிர்கால முடிவில் குழிகள் கிளம்பும். பனி மூடிய குழி கண்ணுக்கும் தெரியாது. அதில் இறங்கும்போது அடியைத் தாங்குவது பக்கச்சுவர்தான். 17 இன்ச் வீலில் பட்டையான டயர் போட்டிருந்தால் அடி நேராக ரிம்முக்குப் போகும்.

மூன்றாவது, விலை. ஒரே பிராண்டில் 15 இன்ச் டயர் பொதுவாக 16, 17 இன்ச்சைவிட விலை குறைவு. சாதாரண ஸ்டீல் ரிம் போதும். சாலையில் கொட்டும் உப்பு அலாயின் பளபளப்பைக் கெடுக்கும். ஸ்டீல் ரிம்மில் கொஞ்சம் துரு ஏறினால் யாரும் கவலைப்படப் போவதில்லை.

அதற்காக எவ்வளவு ஒல்லியாக வேண்டுமானாலும் போகலாமா? கூடாது. காய்ந்த சாலையில் பிரேக் தூரம் கூடும், சுமை தாங்கும் எண் குறையும். உங்கள் காரின் ஏதாவது ஒரு மாடலுக்கு கம்பெனியே கொடுத்த மிகச் சிறிய சைஸ்தான் எல்லை. அதற்குக் கீழே போனால் ரிம் பிரேக்கில் இடிக்கலாம். டயரின் சுமை எண்ணும் கம்பெனி சொன்னதற்குக் குறையக் கூடாது. மேலே பார்த்த 175/65 ஆர்15 டயர் வழக்கமாக 84 எண்ணில் வரும். 500 கிலோ, பிரச்னை இல்லை.

'ரூம்மேட்டோட பழைய செட் இருக்கு, எடுத்துக்கோ'

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். '15 இன்ச்தானே, உன் கார்லயும் 15 போடலாம்தானே' என்று பெரிய கார் ஒன்றின் பழைய செட் கைக்கு வரும். பணம் கொடுக்கும் முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

- நட் துளைகள்: ஃபிட்டுக்கு நான்கு துளைகள், 100 மி.மீ. வட்டத்தில். ஐந்து துளை ரிம் ஏறவே ஏறாது.
- நடு ஓட்டை: ஃபிட்டின் ஹப் 56.1 மி.மீ. ஓட்டை இதைவிடச் சின்னது என்றால் ரிம் உட்காராது. பெரியது என்றால் நடுவில் வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டீயரிங் நடுங்கும்.
- ஆஃப்செட்: ரிம்மில் 'இடி' என்று ஒரு எண் இருக்கும். கம்பெனி ரிம்மின் எண்ணோடு நெருங்கி இருக்க வேண்டும். ரொம்ப மாறினால் வீல் வெளியே துருத்தும், அல்லது உள்ளே உரசும்.
- நட் வடிவம்: ஹோண்டா கம்பெனி ரிம்முக்கு உருண்டை முனை நட். வெளியே வாங்கும் ரிம்களுக்குப் பெரும்பாலும் கூம்பு முனை நட். மாற்றிப் போட்டால் இறுக்கியது போலத் தெரியும். ஓட ஓட லூஸாகும். இது உயிர் போகும் விஷயம். ரிம்முக்கு ஏற்ற நட்டைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

பழைய டயர் என்றால் வயதும் முக்கியம். பக்கவாட்டில் 'டாட்' என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு எண்கள் இருக்கும். 3519 என்றால் 2019-ன் 35-வது வாரத்தில் செய்தது. ரப்பர் வருடம் போகப் போக இறுகும். பள்ளம் 4 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் பனிக்கு உதவாது. பேரம் பேசாமல் விட்டுவிடுங்கள்.

இரண்டு மட்டும் போட்டால் போதாதா?

முன் சக்கரம் இழுக்கும் காரில் முன்னால் மட்டும் இரண்டு வின்டர் டயர் போட்டு மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் முன்பக்கம் பிடித்து நிற்கும், பின்பக்கம் வழுக்கும். வளைவில் பிரேக் போட்டால் கார் அப்படியே சுழன்றுவிடும். போட்டால் நான்கும் போட வேண்டும். இன்சூரன்ஸ் தள்ளுபடிக்கும் பொதுவாக நான்கையும் கேட்பார்கள்.

மிச்சம் பிடிக்க வேறு வழி இருக்கிறது. வின்டர் டயரைத் தனி ரிம்மிலேயே மாட்டி வைத்துவிடுவது. ஒரே ரிம்மில் வருடத்துக்கு இரண்டு முறை டயரைக் கழற்றி மாட்டினால் ஒவ்வொரு முறையும் மாட்டும் கூலி, பேலன்சிங் கூலி. டயரின் ஓரமும் அடிபடும். தனி ரிம் இருந்தால் வீலோடு மாற்றிவிடலாம். ரிம்முக்குப் போட்ட பணம் சில சீசன்களில் திரும்பிவிடும். ஒரு செட் ஓடும்போது இன்னொரு செட் ஓய்வெடுப்பதால் இரண்டுமே அதிக வருடம் வரும்.

காரில் டயர் பிரஷர் சென்சார் வீலுக்குள்ளேயே இருக்கும் வகை என்றால், இரண்டாவது செட்டுக்கும் சென்சார் வேண்டும். இல்லாவிட்டால் சீசன் முழுக்க டேஷ்போர்டில் விளக்கு எரியும்.

மாட்டிய பிறகு

முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். ஃபிட்டுக்கு கம்பெனி சொல்லும் அளவு 108 நியூட்டன் மீட்டர். கையால் குத்துமதிப்பாக இல்லாமல் டார்க் ரென்ச் வைத்துப் பாருங்கள்.

காற்றையும் கவனியுங்கள். வெப்பநிலை சுமார் 5.5 டிகிரி குறைந்தால் டயரில் 1 பிஎஸ்ஐ குறையும். 20 டிகிரியில் 33 பிஎஸ்ஐ பிடித்த டயர், மைனஸ் 15 டிகிரி காலையில் 27-28 தான் காட்டும். பஞ்சர் இல்லை, குளிர். மாதம் ஒருமுறை, வண்டி ஓடாமல் நின்ற காலையில் பார்த்து நிரப்புங்கள்.

முதல் பனி நாளில் காலியான பார்க்கிங் இடம் ஒன்றில் மெதுவாக ஓட்டி, பிரேக் போட்டு, திருப்பிப் பாருங்கள். ஏபிஎஸ் வேலை செய்யும்போது பிரேக் பெடல் காலுக்குக் கீழே எப்படி அதிரும் என்பது முன்பே தெரிந்திருந்தால், சிக்னலில் பயந்து காலை எடுக்க மாட்டீர்கள்.

ஏப்ரலில் வெயில் நிலைத்து, காலை வெப்பநிலை 7 டிகிரியைத் தாண்டியதும் கழற்றிவிடுங்கள். மென்மையான ரப்பர் வெயிலில் சீக்கிரம் தேயும், பிரேக் தூரமும் கூடும். கழற்றும்போது எது முன் இடது, எது பின் வலது என்று சாக்பீஸால் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் முன்பின் மாற்றிப் போட வசதியாக இருக்கும்.

வாங்குவதற்கு முன் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் சைஸ், காற்று அளவு இரண்டும் அதில் உண்டு. போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் போய், 'இந்தக் காருக்கு கம்பெனி கொடுத்த மிகச் சின்ன வீல் சைஸில், மலைக் குறியீடு உள்ள டயர் நான்கு, ஸ்டீல் ரிம்மோடும் அதற்கான நட்டோடும் வேண்டும்' என்று கேளுங்கள். அக்டோபர் நடுவிலேயே கேட்டால் சைஸும் கிடைக்கும், அப்பாயின்மென்ட்டும் கிடைக்கும்.